குன்னன்காய்ப் பொடி, கூவை மாவு, கேழ்வரகு: கல்லாற்றுப் பக்கத்துக் குழந்தை உணவு

திருவனந்தபுரம் பக்கத்தில், ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கும் உணவு குறுக்கு. பொடியைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்து, கை விடாமல் கிண்டிக் கெட்டியாக்கும் கூழ்தான் அது. நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில் உள்ள கல்லாறு போன்ற மலையடிவார ஊர்களில் குன்னன் வாழையும் கூவைக்கிழங்கும் வீட்டுத் தோட்டத்திலேயே விளையும். கேழ்வரகைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். குறுக்குப் பொடிக்கு இந்த மூன்றும்தான் முக்கியமான சரக்கு.

மூன்றிலும் சேமிப்பு முறை ஒன்றே. உலர்ந்த பொடி மாதக்கணக்கில் டப்பாவில் இருக்கும். கூழை அந்தந்த வேளைக்கு மட்டும் காய்ச்ச வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் மாவட்டம் இது. காற்று அடித்தால் மரம் விழுந்து மின்சாரம் போகும் மலைச்சாலை ஊர்களுக்கு இந்தப் பழைய முறை இன்றும் பொருந்துகிறது. குளிர்சாதனப் பெட்டி வந்த பிறகும் பொடி டப்பாவின் வேலை குறையவில்லை.

எப்போது தொடங்குவது

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவு, கூடவே இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால். உலக சுகாதார நிறுவனமும் இந்திய அரசும் சொல்வது இதுதான். கேரளத்தில் கோவிலில் நடத்தும் சோறூட்டுச் சடங்கும் பெரும்பாலும் ஆறாம் மாதத்தில் வருவதால், ஊர் வழக்கமும் மருத்துவக் கணக்கும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. குழந்தை தலையை நிலையாக நிறுத்த வேண்டும், பிடித்தால் உட்கார வேண்டும், உணவை நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்க வேண்டும். இந்த அறிகுறிகளையும் பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

முதல் நாட்களில் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். ஆறு முதல் எட்டு மாதம்வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. புதிய உணவு எதையும் ஒவ்வொன்றாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் கவனித்துவிட்டு அடுத்ததற்குப் போனால், ஒவ்வாமை வந்தால் எதனால் வந்தது என்று தெரியும்.

குன்னன்காய்ப் பொடி

குன்னன் சிறிய காய்கள் கொண்ட நாட்டு வாழை. கேரளத்தில் குழந்தை உணவு என்றாலே முதலில் நினைவுக்கு வரும் ரகம் இது. குன்னன் கிடைக்காத வீடுகளில் ஏத்தன்காயைப் பயன்படுத்துவார்கள், அதுதான் நேந்திரன். இரண்டிலும் காய் முற்றியிருக்க வேண்டும், பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. பழுக்க ஆரம்பித்த காயில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும்; உலர்த்தினாலும் ஒட்டும், பொடியாகாது.

காயைக் கழுவித் தோலைச் சீவி, வில்லைகளாக அரிய வேண்டும். எல்லா வில்லையும் ஒரே கனத்தில் இருப்பது முக்கியம். தடித்த வில்லை வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் நடுவில் ஈரம் நிற்கும். பொடி டப்பாவில் பூசணம் பிடிப்பது பெரும்பாலும் அந்த ஈரத்தால்தான். அரிந்த உடனே தண்ணீரில் போட்டால் கறுப்பதும் குறையும், காய்ப்பாலும் போகும். பிறகு வடித்து, சுத்தமான துணியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, மேலே மெல்லிய துணி போர்த்தி வெயிலில் வைக்க வேண்டும். மாலையில் பனி இறங்கும் முன்பே உள்ளே எடுத்துவிட வேண்டும். நல்ல வெயில் இருந்தால் மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். வில்லையை வளைத்துப் பார்த்தால் வளையக் கூடாது. சடக்கென்று ஒடிய வேண்டும். ஒடிந்த இடத்தில் நடுப்பகுதியும் ஓரத்தைப் போலவே வெளிறி, மாவுபோல் இருந்தால் அரைக்கலாம். நடுவில் கறுத்து ரப்பர்போல் இழுத்தால் இன்னொரு வெயில் வேண்டும்.

அரைத்ததை மெல்லிய துணியிலோ நுண்ணிய சல்லடையிலோ சலித்து, சூடு ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். மிக்ஸியிலிருந்து சூடாக எடுத்துப் போட்டு மூடினால் உள்ளே ஆவி வியர்த்துவிடும். ஒரு கிலோ காயில் தோலும் தண்ணீரும் போக ஏறக்குறைய 150 முதல் 200 கிராம் பொடி கிடைக்கும். டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச்வரைதான் இதற்கு ஏற்ற காலம். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேல் பரணில் வைத்து உலர்த்தினால் புகை வாடை ஏறும். அதைவிட, 60 டிகிரி சூட்டில் இயங்கும் மின் உலர்த்தி நல்லது.

வாழைக்காய் மாவு வயிற்றுக்கு நல்லது என்ற ஊர் நம்பிக்கைக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. டாக்காவில் உள்ள வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையம் 2001இல் வெளியிட்ட ஆய்வில், நீடித்த வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் சேர்த்த உணவு கொடுத்தபோது அவர்கள் விரைவில் தேறினார்கள். சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் நொதித்து, குடல் தண்ணீரை உறிஞ்ச உதவுகிறது என்பது விளக்கம். அதே குணத்தால் சில குழந்தைகளுக்கு மலம் இறுகும். அப்படியானால் வாழைக்காய்க் குறுக்கைக் குறைத்து, பழமும் காய்கறியும் கூட்டிக் கொடுக்கலாம்.

கூவை மாவு

கூவைக்கிழங்கு அறுவடை மார்கழி, தை மாதங்களில் வரும். மலையாளக் கணக்கில் தனு மாதத் திருவாதிரைக்குக் கூவை குறுக்கிச் சாப்பிடுவது கேரளத்து வழக்கம். விளையும் மாதமும் வெயில் கிடைக்கும் மாதமும் ஒன்றாக அமைவது மாவெடுக்கிற வீட்டுக்கு வசதி.

கிழங்கைக் கழுவித் தோலுரித்து, துருவி அல்லது அரைத்து, நிறையத் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். நார் துணியில் நிற்கும்; பால்போன்ற தண்ணீர் பாத்திரத்தில் இறங்கும். அசைக்காமல் சில மணி நேரம் விட்டால் வெள்ளை மாவு அடியில் கல்போல் படியும். அதன் மேல் பழுப்பாக மெல்லிய படலம் ஒன்று நிற்கும். மேல்தண்ணீரை வடித்து, அந்தப் படலத்தைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி மறுபடி படியவிட வேண்டும். மேல்தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை, கசப்பு போகும்வரை, இப்படி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டு தண்ணீரோடு நிறுத்தினால் மாவு மங்கலாகவும் கசப்பாகவும் இருக்கும். கடைசியில் படிந்த கட்டியை உடைத்து வெயிலில் பரப்பினால் ஓரிரு நாளில் பொலபொலவென்று உதிரும்.

எளிதாகச் செரிக்கும் என்பதால் கூவைக்கு வீடுகளில் பெரிய மரியாதை. ஆனால் கூவை மாவு கிட்டத்தட்ட முழுவதும் மாவுச்சத்து. புரதம், இரும்பு, கொழுப்பு ஆகியவை அதில் சொல்லும்படியாக இல்லை. கூவைக் குறுக்கை மட்டுமே கொடுத்தால் வயிறு நிறையும், எடை ஏறுவது நின்றுபோகும். மரவள்ளிக்கும் இதே குறை. திருவிதாங்கூரில் பஞ்சத்தைத் தாங்கிய கிழங்கு அது. ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1963 முதல் இயங்கி வரும் அளவுக்கு இந்த மண்ணின் பயிர். ஆனாலும் புரதம் மிகக் குறைவு. கசப்பு ரகங்களில் சயனைடு தரும் பொருளும் உண்டு. ஆறு மாதக் குழந்தையின் முதல் உணவாக அது வேண்டாம்.

கேழ்வரகு

மூன்றில் சத்து மிகுந்தது கேழ்வரகு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலின்படி, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம் உண்டு. வேறு எந்தத் தானியமும் இதற்குப் பக்கத்தில் வராது.

கேழ்வரகைக் கல் நீக்கி, பலமுறை கழுவி, இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் வெள்ளை முளை தெரியும். முளை நீளும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, எட்டிப்பார்த்தால் போதும். பிறகு நன்றாக உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து, அரைத்துச் சலிக்க வேண்டும். முளைகட்டுவதில் இரண்டு லாபம். இரும்பையும் துத்தநாகத்தையும் உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும் பைட்டேட் குறைகிறது. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதி உருவாகிறது. இந்த நொதி கொண்ட முளைத்தானிய மாவைக் கெட்டியான வெதுவெதுப்பான கூழில் ஒரு சிட்டிகை கலந்தால் கூழ் தளர்ந்துவிடும். தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்யாமலேயே குழந்தை விழுங்கும் பதம் கிடைக்கும். பரோடாவில் தாரா கோபால்தாஸ் தலைமையில் 1980களில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். முளைதானியத்தைச் சிவக்க வறுத்தால் நொதி அழிந்துவிடும். வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

ஊறிய கேழ்வரகை அரைத்துப் பால் பிழிந்து காய்ச்சும் முறையும் உண்டு. தொடக்க நாட்களுக்கு அது மென்மையாக இருக்கும். சக்கையோடு சத்தும் கொஞ்சம் போவதால் சீக்கிரமே முழு மாவுக்கு மாறுவது நல்லது.

பொடியில் இல்லாதவை

மூன்று பொடியும் சேர்ந்தாலும் புரதம் போதாது. இரும்புக்குக் கேழ்வரகை மட்டும் நம்ப முடியாது. பிறக்கும்போது குழந்தை உடலில் சேர்ந்திருந்த இரும்பு ஆறு மாதத்தில் தீரத் தொடங்குகிறது. ஆகவே பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றைத் தாமதமாகச் சேர்ப்பதில் பயன் இல்லை. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு வறுத்த பாசிப்பருப்பு என்ற கணக்கில் கலந்து அரைத்தால் நல்ல சத்துமாவு. வெந்த முட்டையையும், முள் முழுவதும் நீக்கி மசித்த மீனையும் ஏழாம் மாதத்திலேயே தொடங்கலாம். இரும்புச்சத்து டானிக்கை ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை வாரம் இரு முறை, 1 மில்லிலிட்டர் வீதம், அரசு சுகாதாரப் பணியாளர்கள் மூலம் கொடுக்கும் திட்டம் நாடு முழுவதும் உண்டு. வீட்டு உணவு நன்றாக இருக்கிறது என்று அதை விட்டுவிடக் கூடாது.

கேரளத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாகக் கிடைக்கும் அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் இந்தக் குறையைக் கருதிச் செய்த பொடி. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேளாண் அறிவியல் மையம் இதன் கலவையை உருவாக்கியது. குடும்பஸ்ரீ பெண்களின் இருநூறுக்கும் மேற்பட்ட தயாரிப்புக் கூடங்கள் இதைச் செய்து தருகின்றன. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை ஆகியவை இதில் உண்டு. இனிப்பு ஏற்கெனவே இருப்பதால் காய்ச்சும்போது மேலும் சேர்க்கத் தேவையில்லை.

குறுக்கு காய்ச்சும் முறை

ஒரு மேசைக்கரண்டி பொடியைக் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு இன்னும் அரை டம்ளர் ஊற்றி அடுப்பில் வைக்க வேண்டும். சுடுதண்ணீரில் பொடியைக் கொட்டினால் கட்டி தட்டும். சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் முதலில் ஓரம் பளபளக்கும், பிறகு கூழ் குமிழியிடும். குமிழி வந்த பிறகும் சில நிமிடம் கொதிக்க வேண்டும். பச்சை வாடை போவதும் கிருமி சாவதும் அப்போதுதான். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் உடனே ஒழுகாமல் நிற்பது சரியான பதம். தண்ணீராக ஓடும் கூழில் வயிறு நிறையும் அளவுக்குச் சத்து இருக்காது.

இறக்கியதும் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் 40 கலோரி அளவு கூடும். சிறிய வயிற்றுக்கு இது பெரிய உதவி. வழக்கமாகக் கருப்பட்டியோ பனங்கற்கண்டோ போடுவார்கள். இரண்டு வயதுவரை சேர்க்கும் இனிப்பைத் தவிர்க்கவே இப்போதைய பரிந்துரை. இனிப்பு வேண்டுமென்றால் மசித்த வாழைப்பழம் போதும். ஒரு வயதுவரை உப்பும் வேண்டாம்.

ஊட்டுவதற்குக் கிண்ணமும் கரண்டியும் நல்லவை. பாலாடை பயன்படுத்தினால் அதன் மூக்குப் பகுதியைத் தேய்த்துக் கழுவிக் கொதிநீரில் போட வேண்டும். கூழைப் பால் புட்டியில் ஊற்றிக் கொடுக்கக் கூடாது. ஒன்பது மாதம் ஆகும்போது மிக்ஸியை விட்டுக் கையால் மசிப்பதற்கு மாற வேண்டும். மழுமழுவென்று அரைத்ததையே ஒரு வயதுவரை கொடுத்தால் குழந்தை மெல்லப் பழகாது.

பொடியைச் சேமித்தல்

பொடிக்கு முதல் எதிரி ஈரம், இரண்டாவது பூச்சி. நன்றாகக் காய்ந்த கண்ணாடி அல்லது எவர்சில்வர் டப்பா, இறுகிய மூடி, ஈரமில்லாத கரண்டி ஆகியவை அவசியம். பொடி முழுவதையும் ஒரே டப்பாவில் வைத்துத் தினமும் திறப்பதைவிட, இரண்டு வாரத்துக்கான அளவைச் சிறிய டப்பாவில் எடுத்துக்கொண்டு, பெரிய டப்பாவைத் திறக்காமல் வைப்பது நல்லது. அரைத்த தேதியை மேலே எழுதி ஒட்டினால் எது பழையது என்ற சந்தேகம் வராது. அடுப்பின் ஆவி படும் அலமாரி கூடாது.

வாழைக்காய்ப் பொடியும் கூவையும் சரியாக உலர்ந்திருந்தால் பல மாதம் நிற்கும். பருப்பும் தானியமும் கலந்த மாவை ஒரு மாதத்துக்கு மேல் போகாத அளவில் அரைப்பது பாதுகாப்பு. மழைக்காலத்தில் அதையும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். நிலக்கடலை, முந்திரி, பாதாம் சேர்த்த மாவில் எண்ணெய் சிக்கு வாடை சீக்கிரம் வரும். ஈரத்தில் நிலக்கடலையில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சு சாதாரணக் கொதியில் அழியாது. ஆகையால் கடலையை மாவோடு சேர்த்து அரைத்து வைக்காமல், நல்ல கடலையைப் பொறுக்கி அவ்வப்போது வறுத்து அரைத்துச் சேர்ப்பது மேல். கட்டி தட்டிய, நிறம் மாறிய, மண்வாடை அடிக்கும் பொடியைச் சலித்தோ வெயிலில் வைத்தோ மீட்க முயலாமல் கொட்டிவிட வேண்டும்.

சமைத்ததைச் சேமித்தல்

காய்ச்சிய கூழ் வெளியில் இருக்கக்கூடிய நேரம் அதிகபட்சம் இரண்டு மணி. 5 முதல் 60 டிகிரிவரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் சமையலறைகள் ஆண்டு முழுவதும் அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதியையும் தாங்கும்; அது விட்டுச்செல்லும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. காலையில் மசித்த சோற்றை மாலையில் சுடவைத்துக் கொடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

வேலைக்குப் போகும் வீடுகளில் பூசணி, காரட், பருப்பு, மீன் மசியலைச் செய்து வைக்க நேரிடும். அப்போது பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்திக் கிண்டி விரைவாக ஆறவைத்து, ஒரு வேளைக்கு ஒரு சிறு டப்பா என்று பிரித்து, 4 டிகிரிக்குள் வைக்க வேண்டும். காய்கறி மசியல் இரண்டு நாள், மீனும் முட்டையும் ஒரு நாள் தாங்கும். உறைபெட்டியில் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் ஒரு கட்டி ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். உறைந்ததும் எடுத்து மூடிய பையில் போட்டுத் தேதி எழுதினால், மைனஸ் 18 டிகிரியில் ஓரிரு மாதம் இருக்கும். குறுக்கை மட்டும் இப்படி உறையவைக்க முடியாது. மாவுக்கூழ் உறைந்து உருகும்போது தண்ணீர் தனியாகவும் மாவு பஞ்சுபோலவும் பிரிந்துவிடும்.

உருக்குவது குளிர்சாதனப் பெட்டிக்குள் நடக்க வேண்டும். அவசரமென்றால் நேராகப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைக்கலாம். உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்த கரண்டி பட்ட மிச்சத்தை எடுத்து வைக்கக் கூடாது. எச்சிலில் உள்ள நொதி கூழை நீர்க்கச் செய்யும், கிருமியும் சேரும். கீரையையும் பீட்ரூட்டையும் சமைத்த அன்றே முடிப்பது நல்லது. வைத்திருந்தால் அவற்றின் நைட்ரேட் கிருமிகளால் நைட்ரைட்டாக மாறக்கூடும். மசியலைக் காற்றுப்புகாத புட்டியில் அடைத்து அலமாரியில் வைப்பது எந்த நிலையிலும் கூடாது. பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய்க்கு அது இடம் கொடுக்கும்.

மின்சாரம் போனால், திறக்காத குளிர்சாதனப் பெட்டி நான்கு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். அதற்கு மேல் போனால் குழந்தைக்கான மசியலைக் கொடுக்க வேண்டாம்.

தேனும் வயம்பும்

காட்டுத்தேன் எடுப்பது இந்த மலைகளின் காணி மக்களுக்குப் பரம்பரைத் தொழில். தேன் எவ்வளவு சுத்தமானாலும் ஒரு வயதுக்குள் ஒரு துளியும் கூடாது. பாட்டுலிசக் கிருமியின் வித்து அதில் இருக்கக்கூடும், குழந்தையின் குடல் அதை எதிர்க்கும் பக்குவத்துக்கு வந்திருக்காது. பொன்னும் வயம்பும் (வசம்பு) தேனில் உரசி நாக்கில் தடவும் வழக்கத்துக்கும் இதே பதில். கல்லாறு, விஷ வைத்தியத்துக்காக அறியப்பட்டு 2018இல் பத்மஸ்ரீ பெற்ற லட்சுமிக்குட்டியம்மாவின் ஊர். மூலிகையின் அளவு தெரிந்தவர் கையில்தான் அது மருந்து. குறுக்கில் கேட்டதையெல்லாம் உரசிக் கலப்பது வைத்தியம் ஆகாது. வயிற்றுப்போக்கு, தொடர் வாந்தி, எடை ஏறாமை ஆகியவற்றில் எது வந்தாலும் உணவை மாற்றிப் பார்த்துக் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

வெயில் காலத்தில் நன்றாக உலர்த்தி வைத்த பொடி கையில் இருந்தால் ஒரு வேளைக் குறுக்குக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்துவதற்காக நாள் முழுவதுக்கும் சேர்த்துக் காய்ச்சி வைக்காதீர்கள்.